மதினி பேருக்கு ஒரு குடம்

எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, சுவரோரமாக ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் நிற்கிறது. வெயில் பட்டுப் பட்டு அதன் பச்சை வெளுத்து, பழுக்கப் போகிற வெற்றிலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. வாயோரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு விள்ளல் இல்லை. கழுத்தில் ஒரு சேலைக் கரையைக் கிழித்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறது. ஆடிக் காற்று உருட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று பாதிக்கு மேல் மணல் போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் பிடிக்கிற குடம் இல்லை அது. இந்த வீட்டில் அடுப்படிக்குள்ளேயே குழாய் இருக்கிறது, திருகினால் தண்ணீர் வருகிறது. என் மருமகள் அந்தக் குடத்தை இரண்டு தடவை பழைய சாமான்காரரிடம் போடப் பார்த்தாள். "ஓட்டக் கொடத்த வாசல்ல வச்சிருக்கீகளே அத்தே, வாரவுக போறவுக என்ன நெனப்பாக?" என்றாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஏன் என்று சொல்லத் தொடங்கினால் ஒரு பொழுது போதாது. எனக்கு வாயால் சொல்லவும் வராது. அதனால் எழுதிப் பார்க்கிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்துத்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் நாங்கள் ஓடைப்பட்டியை விட்டுத் தேனிக்கு வந்தோம். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது. அதுவரை திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே என் காலம் போனது. பந்தலுக்கு அடியில் அண்ணாந்து குலையைப் பார்த்துத்தான் வேலை. எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் கிடையாது. எனக்கு அது தோதாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். யாராவது ஏதாவது கேட்டால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரருக்குத் தேனியில் ஒரு பஞ்சு மில்லில் காவல் வேலை கிடைத்தது, மகனுக்கும் அங்கே படிப்பு. அல்லிநகரத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நான் தனியாக வாசலுக்கு வந்து பார்த்தேன். வாசலை அடைத்துக்கொண்டு இருபது குடம் இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வளைந்து நின்றன. பக்கத்தில் ஒரு தெருக்குழாய். ஆள் யாரும் இல்லை.

தோட்டத்தில் எங்களுக்கு மோட்டார்த் தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் குடத்தை வைத்தால் நிறையும், எடுத்துக்கொண்டு வரலாம். குடத்தை நிறுத்திவிட்டு ஆள் வேறு வேலை பார்க்கப் போவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், புது வீட்டு வாசல் இப்படியா கிடப்பது என்று, ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரமாக அடுக்கினேன். நான் ஒழுங்கு பார்க்கிறவள். பெரியது பின்னால், சின்னது முன்னால், பித்தளை ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். அடுக்கி முடித்து, வாசலைப் பெருக்கி, தண்ணீர் இல்லாததால் கோலத்தை மட்டும் நாளைக்கு என்று விட்டுவிட்டு உள்ளே போனேன்.

நாலு மணிக்குக் குழாயில் காற்றுச் சத்தம் கேட்டது. அதோடு பெண்களின் சத்தமும் கேட்டது.

"எவ எங் கொடத்த எடுத்தது?"

"நாந்தேன் மொத ஆளு, தள்ளு!"

"நீ மொத ஆளா? பல்லு வெளக்குறதுக்கு முந்தியே வந்து வச்சுட்டுப் போனவ நானு!"

"இந்தா பாரு, புதுசாக் குடிவந்தவ கொலுப்பொம்மையாட்டம் அடுக்கி வச்சிருக்கா!"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து ஒரு கட்டைக் குரல் வந்தது. "செத்த நேரம் வாயப் பொத்துங்கடி. வாசல்ல கால் வைக்க எடமில்லைன்னு ஒதுக்கி வச்சிருக்கா. வெளியூர்க்காரிக்கு நம்ம தெருச் சட்டம் எப்பிடித் தெரியும்? உங்கள்ல யாராச்சும் போய்ச் சொன்னீகளா?" சொல்லிக்கொண்டே அந்த அம்மா குடங்களைத் தூக்கி வைக்க ஆரம்பித்தார். வாய் நசுங்கிய சிவப்பு முதலில், அடுத்தது பித்தளை, மூன்றாவது டீச்சர் வீட்டு நீலம் என்று இருபது குடத்தையும் பழைய வரிசைப்படி மனசிலிருந்தே எடுத்து நிறுத்தினார். "எனக்கு எட்டாவதுல்ல மதினி?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒம்பதாவது. ஆசப்பட்டா எட்டாவது ஆயிருமா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சண்டை அதோடு போயிற்று. தெருவே அவரை மதினி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இன்றைக்கும் எனக்கு அவர் மதினிதான்.

பிறகு என் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "எந்த ஊரு ஆத்தா?" என்றார். சொன்னேன். "ஓடப்பட்டிக்காரியா? ஒங் கொடம் எங்க?" என்று கேட்டு, அவரே எடுத்துக்கொண்டு போய் வரிசையில் கடைசியாக வைத்தார். தன் வீட்டுக்குப் போய் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து, அரக்குக் கரையில் ஒரு துண்டைக் கிழித்து என் குடத்தின் கழுத்தில் கட்டினார். அவருடைய பச்சைக் குடத்தில் அதே கரை முன்பே கட்டியிருந்தது. "இங்கன கொடம் நின்னா ஆளு நிக்கிற மாதிரி. கொடத்துக்காரி வருவான்னு அர்த்தம். எவளும் தொடக் கூடாது. இன்னைக்குத்தேன் ஒனக்கு மாப்பு," என்றார்.

அந்தச் சேலை, ஏலத்தோட்டத்தில் ஓணத்துக்குக் கொடுத்தது என்று பின்னால் சொன்னார். மதினி கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் இருபது வருஷம் இருந்தவர். பேச்சில் மலையாளம் ஒன்றிரண்டு தெறிக்கும், கோபம் வந்தால் கூடுதலாக வரும். மலையிலிருந்து தேனிக்கு இறங்கி வந்தபோது அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். எந்தக் குழாயில் நல்ல தண்ணீர், எதில் உப்புத் தண்ணீர் என்று தெரியாமல் ஒரு வருஷம் உப்புத் தண்ணீரையே குடித்தாராம். "பாத்துக்கிட்டே இருந்தாளுக, ஒருத்தி வாயத் தெறக்கல," என்பார். அதனாலேயோ என்னவோ, தெருவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே போய் நிற்பார். மேற்கே பார்த்துக் கொடி கட்டாதே, ஆடியில் சேலை பெரியகுளம் போய்ச் சேரும் என்பார். மத்தியானத்துக்குப் பிறகு சந்தைக்குப் போனால் கழித்துப் போட்ட காய்தான் கிடைக்கும் என்பார். கம்பத்துக்குப் போகிற வண்டியில் இடது பக்கம் உட்காராதே, காலை வெயில் முகத்தில் அடிக்கும் என்பார். இதெல்லாம் பெரிய விஷயமா என்று தோன்றும். புது ஊரில் இதுதான் பெரிய விஷயம்.

எனக்கு அவர் சொன்னதில் முக்கியமானது வேறு. ரேஷன் கார்டை மாற்ற வேண்டியிருந்தது. ஆபீஸுக்கு நானே போய், வழி தெரியாமல் ஒருவரிடம் கேட்டு, அவர் கையை நீட்டி நீட்டிச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, ஒன்றும் விளங்காமல் மூன்று தெரு சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மதினி, "என்ன சொன்னாக?" என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். "தலையாட்டிட்டு வந்துட்டியாக்கும்," என்றார். மறுநாள் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நடந்துகொண்டே சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "சும்மா நிக்கிறவன்ட்ட வழி கேக்காத. அவன் தெரியாட்டியும் சொல்லுவான். கையில வேலையா இருக்கவகிட்ட கேளு. அவளுக்கு நேரமில்ல, தெரிஞ்சத மட்டும் சொல்லுவா. வெளங்கலேன்னா நகராத. அங்கனயே நின்னு இன்னொருவாட்டி கேளு. ஒன்னையக் கடிச்சா திம்பாக?"

ஆபீஸ் வரை அவர் வருவார் என்று நினைத்தேன். கடைத்தெருவில் என்னை விட்டுவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நானே கேட்க வேண்டுமாம். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் போனேன். நார் ஓடுகிற வேகத்திலேயே அவரும் சொன்னார். நேராகப் போ, வேப்பமரம், அதைத் தாண்டி ஒரு சந்து என்று. என் தலை தானாக ஆடத் தொடங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதினியின் கண் என்மேலேயே இருந்தது. "இன்னொருவாட்டி சொல்லுங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பூக்கார அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நாரை மடியில் வைத்துவிட்டு நிதானமாகச் சொல்லி, கிள்ளிப்போட்ட கனகாம்பரத்தில் கொஞ்சம் கையில் கொடுத்தார். அன்றைக்குக் கார்டு வேலை முடிந்து திரும்பும்போது மதினி என்னைப் பார்த்து, "ஊர் ஒனக்கு வந்துருச்சு," என்றார். அது முழுசாக உண்மை இல்லை. அவர் எதிர்வீட்டில் இருந்த ஐந்து வருஷமும் ஊர் எனக்கு வந்தது. அவர் போனதும் திரும்பப் போய்விட்டது.

மதினியின் மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. கல்யாணமாகிப் பிள்ளை பிறந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டான். கிளம்புகிற அன்று எல்லாச் சாமானையும் வண்டியில் ஏற்றிவிட்டு, அந்தப் பச்சைக் குடத்தை மட்டும் என் வாசலில் வைத்தார். "எம் பேருக்கும் ஒண்ணு வரிசையில வையி. ஊருக்கு வந்தா குடிக்கத் தண்ணி வேணுமில்ல," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பஸ் ஸ்டாண்டில் வண்டி நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "திருப்பூருக்கு ஒருவாட்டி வாடி ஓடப்பட்டிக்காரி," என்றார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு குடம் வைத்தேன். முதலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோடையில் தண்ணீர் குறைந்ததும் ஒருத்தி ஆரம்பித்தாள். "ஊர்லயே இல்லாத ஆளுக்குத் தண்ணியா? இது நல்லாருக்கே! நானும் சிங்கப்பூர்ல இருக்க எங்க சித்தி பேருக்கு ஒண்ணு வைக்கவா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மதினியின் குடத்தைக் காலால் நகர்த்தினாள். அப்படி நகர்த்தியதில்தான் குழாய்க்கல்லில் இடித்து அதன் வாய் விண்டது. நான் போய்க் குடத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். "வருவாக," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த வரிசையில் ஐந்து வருஷத்தில் நான் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அதுதான். அதற்குப் பிறகு அந்தக் குடத்தை யாரும் தொடவில்லை. அதில் பிடிக்கிற தண்ணீரை நான் சமையலுக்கு எடுக்க மாட்டேன். மறுநாள் வாசலில் தெளிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தெருமுனை மளிகைக் கடையில் இருந்த ஒரு ரூபாய் போனுக்கு மதினி பேசுவார். கடைக்காரர் கூப்பிட ஆள் அனுப்புவார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். சுற்றிலும் சாமான் வாங்குகிறவர்கள். எனக்கு வாய் வராது. மதினிதான் பேசுவார். அங்கே குழாய்க்கு வரிசையே கிடையாது, முட்டி மோதிப் பிடிக்க வேண்டும், பக்கத்து வீட்டில் யார் என்று பக்கத்து வீட்டுக்கே தெரியாது என்பார். "இங்கன யாருகிட்ட என்ன கேக்கறதுன்னே தெரியலடி. எல்லாரும் ஓடிக்கிட்டே இருக்காக. நானே கொலுப்பொம்மையா உக்காந்திருக்கேன். நீ ஒருவாட்டி வந்துட்டுப் போ, என்ன?" என்பார். நான் தலையாட்டுவேன். கொஞ்ச நேரம் கழித்து, "தலையாட்டுறியா? போன்ல தலையாட்டுனா எனக்கு எப்பிடிடி தெரியும்? வாரேன்னு ஒரு வார்த்த சொல்லு," என்பார். அதைச் சொல்வதற்குள் அவர் போட்ட காசு தீர்ந்து போன் அறுந்துவிடும். எத்தனை ஞாயிறு அப்படிப் போயிற்று என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு நாங்கள் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். நாங்கள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்துப் போக வேண்டியதாயிற்று. போவதற்கு முன்னால் மளிகைக் கடைக்காரரிடம் புது வீடு எங்கே என்று சொல்லி வைக்க வேண்டும், மதினி கேட்டால் சொல்லச் சொல்ல வேண்டும் என்று கடைக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கினேன். "வேற என்னக்கா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து நின்றால் ஆயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு ஞாயிறு நடந்து வந்து நின்றேன், போன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. அதற்குப் பிறகு பல ஞாயிறு போய் நின்றும் போன் வரவேயில்லை. நடுவில் வந்ததா என்று கடைக்காரரிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. மதினியின் மகன் ஒரு தடவை எழுதிப் போட்ட விலாசம் என்னிடம் இருந்தது. ஒரு தபால் கார்டில் புது விலாசத்தை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, "நான் திருப்பூர் போறேன்," என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தனியாவா?" என்றார். "கேட்டுக் கேட்டுப் போயிருவேன்," என்றேன்.

திண்டுக்கல்லில் வண்டி மாறி, தாராபுரம் வழியாகப் போனேன். இறங்கியதும் இரைச்சலில் காது அடைத்துவிட்டது. சும்மா நின்றவர்கள் நிறையப் பேர் எங்கே போகணும் என்று தாங்களாகவே கேட்டார்கள். அவர்களிடம் போகவில்லை. இட்லி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். பிறகு பனியன் துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன். பிறகு சாலை பெருக்குகிறவரிடம். விளங்காத இடத்தில் நகராமல் நின்று இன்னொரு தடவை கேட்டேன். யாரும் என்னைக் கடித்துத் தின்னவில்லை. அந்தத் தெருவை நான் கண்டுபிடித்துவிட்டேன். மதினியிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

தெருவின் நடுவில் ஒரு குழாய் இருந்தது. முட்டி மோதல் எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து குடம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு துணிக்கிழிசல். நாலாவது குடத்தில் அரக்குக் கரை. வீட்டைத் தேடிப் போகவில்லை. குடம் நின்றால் ஆள் வருவார் அல்லவா? பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வருகிற சத்தம் கேட்டதும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நாலாவது குடத்துக்கு ஒரு சின்ன வயதுப் பெண் வந்து குனிந்தாள். "இது மதினி கொடம்ல?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்லீங்க, என்னோடதுங்க. நான் புதுசா வந்தப்ப இந்தத் துணிய அந்தம்மாதாங்க கட்டிவிட்டாங்க. அவங்கதான் இந்த வரிசையே வச்சாங்க. நீங்க தேனியா?" என்றாள். தலையாட்டினேன். "அவங்க காலி பண்ணிட்டுப் போயி மூணு மாசமாச்சுங்க. பையனுக்கு வேற ஊர்ல வேலைன்னாங்க. ஈரோடுன்னு ஒருத்தர் சொல்றாங்க, கரூர்னு ஒருத்தர் சொல்றாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம உங்களுக்குப் போன் போட்டாங்க. நீங்க வீடு மாறிப் போய்ட்டீங்கன்னு கடைக்காரர் சொல்லிட்டாராமுங்க." பிறகு வீட்டுக்குள் போய் ஒரு கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் எழுதியது. அவர்கள் போன பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. என் கையெழுத்தை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். "உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவாங்க. 'எனக்கென்ன, தேனியில என் கொடம் வரிசையில நிக்குது'ம்பாங்க," என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஈரோட்டிலோ கரூரிலோ எந்தத் தெருவில் போய்க் கேட்பது? ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். மதினி என்றைக்காவது தேனியில் வந்து இறங்கினால் யாரிடம் வழி கேட்பார் என்று எனக்குத் தெரியும். மறுநாளே அல்லிநகரத்துக்கு நடந்தேன். அந்த மளிகைக் கடை அதற்குள் கைமாறியிருந்தது, ஒரு ரூபாய் போனும் இல்லை. பரவாயில்லை. பூக்கட்டுகிற அம்மாவிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் கொய்யா நறுக்குகிறவரிடம் சொன்னேன். சந்தையில் வெங்காயம் பிரிக்கிற மூன்று பேரிடம் சொன்னேன். பழைய தெருவில் துணி தேய்க்கிறவரிடமும், அன்று குடத்தைக் காலால் நகர்த்தியவளிடமும் சொன்னேன். "கட்டைக் குரல்ல ஒரு அம்மா வருவாக. ஓடப்பட்டிக்காரி வீடு எதுன்னு கேப்பாக. ரயில்வே கேட்டைத் தாண்டி மூணாவது தெரு, வாசல்ல பச்சைக் கொடம் நிக்கும், அரக்குக் கரை கட்டியிருக்கும்னு சொல்லணும்," என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலையாட்டுகிறவர்களைத் தெரியும். "எங்க, இன்னொருவாட்டி சொல்லுங்க," என்று கேட்டு, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. பூக்கார அம்மா இப்போது இல்லை. அவர் இடத்தில் அவர் மகள் உட்கார்ந்திருக்கிறாள், அவளிடமும் சொல்லியிருக்கிறேன். பொங்கல் முடிந்ததும் ஒரு தடவை, ஆடி முடிந்ததும் ஒரு தடவை என்று எல்லாரிடமும் போய் நினைவுபடுத்திவிட்டு வருவேன். என் மகன் எனக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். தெரியாத நம்பர் வந்தால், எதிர்ப்பக்கம் பேசுவதற்கு முன்னாலேயே, "வாரேன் மதினி," என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் யாரோ ஒருவர் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார். தெருக்களில் குழாயடியே இல்லாமல் போய்விட்டது. குடம் வரிசையில் நின்றதை இப்போது குடிவருகிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இன்று காலையிலும் வாசல் தெளித்துவிட்டு, காற்றில் கொஞ்சம் திரும்பியிருந்த குடத்தை, கரையின் முடிச்சு தெருவிலிருந்து வருகிறவர் கண்ணில் படும்படி திருப்பி வைத்தேன்.